லென்னி பிரிஸ்கோவுக்கு முன்னால் ஜெர்ரி ஓர்பாக்

லா அண்ட் ஆர்டர் என்ற அமெரிக்கப் போலீஸ் டிவி தொடரை எங்கே திறந்தாலும் முதல் இரண்டு நிமிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நியூயார்க்கில் யாரோ இரண்டு பேர் எதையோ பேசிக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போவார்கள். பிணம் தட்டுப்படும். அடுத்த காட்சியில் மஞ்சள் நாடா கட்டியிருக்கும், சீருடைக் காவலர் விவரம் சொல்லுவார், ஓவர்கோட் போட்ட வயதான துப்பறிவாளர் குனிந்து பார்ப்பார். நிமிர்ந்து ஒரே ஒரு வரி சொல்லுவார். உடனே டைட்டில்.

அந்தத் துப்பறிவாளர் லென்னி பிரிஸ்கோ. நடித்தவர் ஜெர்ரி ஓர்பாக். 1992 நவம்பரில் தொடருக்குள் வந்து 2004 மே வரை 270-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் செய்தார். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் அவர் நியூயார்க் மேடையின் பாட்டுக்கார நடிகர், 1969-ல் மியூசிக்கலில், அதாவது பாட்டு நாடகத்தில், சிறந்த நடிகருக்கான டோனி என்ற பெரிய மேடை விருது வாங்கியவர் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஓர்பாக் மேடையில் முதலில் உருவாக்கிய வேடங்கள் திரைக்குப் போனபோதெல்லாம் வேறு ஆளுக்குத்தான் போயின. ஃபென்டாஸ்டிக்ஸ் நாடகம் 1964-ல் டிவிக்கு வந்தபோது அவருடைய வேடத்தில் ரிக்கார்டோ மொன்டல்பான். 1972-ல் அவர் மேடையில் செய்த நகைச்சுவை நாடகம் 1974-ல் டிவிக்கு வந்தபோது ஆலன் ஆல்டா. சிகாகோ என்ற மியூசிக்கல் 2002-ல் படமானபோது ரிச்சர்ட் கியர். கார்னிவல், ப்ராமிசஸ் ப்ராமிசஸ் இரண்டும் படமாகவே இல்லை. மேடை ஓர்பாக்கில் நமக்கு மிஞ்சியது இசைத்தட்டுகளும், விருது விழா ஒளிபரப்பில் சிக்கிய சில நிமிடங்களும்தான். அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு பிரிஸ்கோவைப் பார்த்தால் டைட்டிலுக்கு முந்தைய அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பிறந்தது 1935 அக்டோபர் 20, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். அப்பா உணவக மேலாளர், முன்பு வாட்வில் என்ற பல்சுவை மேடையில் ஆடியவர். அம்மா வானொலியில் பாடியவர். குடும்பம் பல ஊர் மாறி இல்லினாய்ஸ் மாநிலத்தின் வாக்கீகன் நகரில் நிலைத்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, பட்டத்தை முடிக்காமலே 1955-ல் நியூயார்க் வந்துவிட்டார். லீ ஸ்ட்ராஸ்பர்க்கிடமும் ஹெர்பர்ட் பெர்காஃபிடமும் பயிற்சி எடுத்தார். ஆனால் பயிற்சி வகுப்புகளைவிட அவருக்கு உதவியது கிரிஸ்டோஃபர் தெருவில் இருந்த 299 இருக்கை அரங்கம் ஒன்று.

அது தியேட்டர் டி லிஸ். பிரெக்ட்டும் குர்ட் வைலும் எழுதிய த்ரீபென்னி ஆப்பெரா அங்கே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர்பாக் அண்டர்ஸ்டடியாக, அதாவது மாற்று நடிகராக, சேர்ந்தார். இந்த வேலை வெளியில் தெரிவதைவிடக் கடினமானது. உனக்கென்று இருக்கும் சின்ன வேடத்தை தினமும் செய்யவேண்டும். மேலே இருக்கும் ஒன்றிரண்டு வேடங்களின் வசனம், பாட்டு, எந்த வரியில் எங்கே நிற்பது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கவேண்டும். திரை தூக்க அரைமணி முன்னால் அரங்கத்துக்குள் இருக்கவேண்டும். மேலே இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒத்திகை எதுவும் இல்லாமல் நேரே மேடைதான். இதில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் பார்த்ததை அப்படியே நகல் எடுக்கப் போய்த் தோற்பவர்கள். இன்னொருவரின் மூச்சு இடைவெளியில் உன்னால் பாட முடியாது. ஓர்பாக் மூன்று வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்து, தெருப்பாடகன் தொடங்கி மக்கீத் வரைக்கும் பல வேடங்களைச் செய்து முடித்தார்.

அந்தத் தெருப்பாடகன் வேடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். அவன் கதைக்குள் இருப்பவன் கிடையாது. முன்னால் வந்து நின்று, கத்திக்காரன் மக்கீத் யார் என்று சபைக்குப் பாடிச் சொல்லுகிறவன். நம் கூத்தில் கட்டியங்காரன் பார்க்கிற வேலை. ஓர்பாக்குக்குத் திரும்பத் திரும்ப வாய்த்தது இந்த ரக வேடம்தான்: ஒரு கால் கதைக்குள், ஒரு கால் பார்வையாளர் பக்கம்.

1960 மே 3 அன்று சல்லிவன் தெருவில் ஃபென்டாஸ்டிக்ஸ் தொடங்கியது. அரங்கம் நூற்றைம்பது பேர் உட்காரக்கூடிய அளவு. நியூயார்க் கணக்கில் 500 இருக்கைக்கு மேல் இருந்தால்தான் பிராட்வே. அதற்குக் கீழே போனால் ஆஃப் பிராட்வே, சம்பளமும் அதற்கேற்பக் குறையும். இசைக்குழு என்று பார்த்தால் ஒரு பியானோ, ஒரு ஹார்ப், அவ்வளவே. ஒரு மரமேடை, நிலாவுக்கு ஒரு அட்டை. ஓர்பாக் செய்த எல் காயோ கதைசொல்லியாகவும் வருவான், கூலிக்குக் கடத்தல் நாடகம் ஆடும் கொள்ளைக்காரனாகவும் வருவான். தொடக்கப் பாட்டில் செப்டம்பர் மாதத்தை நினைத்துப்பார் என்று சபையிடம் கேட்கிறான். முதல் விமர்சனங்கள் அரைகுறையாகத்தான் இருந்தன, ஆனால் நாடகம் 2002 ஜனவரி 13 வரை நிற்காமல் ஓடி 17,162 காட்சிகளைத் தொட்டது. ஓர்பாக் ஒரு வருஷம் ஆவதற்குள் கிளம்பிவிட்டார், பிராட்வே கூப்பிட்டதால்.

அந்த 1960 தட்டில் கவனிக்கவேண்டியது, அவர் குரலைப் பெரிதாக்கவே இல்லை என்பது. நல்ல பாரிடோன் (ஆண்களின் நடுத்தர ஸ்தாயி) குரல், வேண்டுமென்றால் கூரையைத் தொடும். ஆனால் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்காமல் வைத்துவிட்டு, சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கி முடிக்கிறார். பாட்டைப் பேச்சுபோல் முடிக்கும் பழக்கம். இது பிறகு அவருடைய கையெழுத்தாகிவிட்டது.

1961 ஏப்ரலில் இம்பீரியல் அரங்கில் கார்னிவல். இயக்கம் கவர் சாம்பியன், தயாரிப்பு டேவிட் மெரிக். ஓர்பாக் அதில் கால் ஊனமான, கசந்துபோன பொம்மலாட்டக்காரன். நேரில் தான் விரும்பும் பெண்ணிடம் எரிந்துவிழுவான். பொம்மைகளின் குரலில் மட்டும் அன்பாகப் பேசுவான். ஒரே ஆள் நான்கு பொம்மைக் குரல்களையும் தன் சொந்தக் குரலையும் பிரித்துக் காட்டவேண்டும், அதுவும் தட்டிக்கு அந்தப் பக்கம் முகம் மறைந்திருக்க. 719 காட்சிகள் ஓடியது.

அதற்கப்புறம் ஏழு வருஷம் அவர் தொழிலில் மேடு பள்ளம். பழைய மியூசிக்கல்களின் குறுகிய கால மறுமேடையேற்றங்கள்தான் அதிகம். 1965-ல் சிட்டி சென்டரில் கைஸ் அண்ட் டால்ஸ் வெறும் இரண்டு வாரம் ஓடியது, அதற்கும் ஒரு டோனி பரிந்துரை கிடைத்தது. 1966-ல் எத்தல் மெர்மனோடு ஆனி கெட் யுவர் கன், கதாநாயகன் வேடம் இல்லை. முன்னணி நடிகர் என்ற பெயர் இருந்தாலும் புதிதாக எழுதப்பட்ட பிராட்வே மியூசிக்கல் வேடம் கையில் இல்லை. பிராட்வேயில் இது இரண்டும் வேறு வேறு. பழைய வேடத்தில் நீ எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முதலில் செய்தவன் பெயர்தான் நிற்கும்.

அந்தப் புதிய வேடம் 1968 டிசம்பர் 1-ல் வந்தது, ஷூபர்ட் அரங்கில், ப்ராமிசஸ் ப்ராமிசஸ். வசனம் நீல் சைமன், இசை பர்ட் பக்கராக், பாடல் வரிகள் ஹால் டேவிட். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் குமாஸ்தா சக் பாக்ஸ்டர் தன் ஃபிளாட் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுத்துப் பதவி உயர்வு வாங்கும் கதை. பக்கராக் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வளர்ந்தவர். அரங்கத்திலும் அதே ஒலி வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் ஃபில் ரமோனைக் கூட்டிவந்து, இசைக்குழுக் குழியிலேயே பெண் பாடகிகளையும் உட்காரவைத்தார். பாடுகிறவனுக்கோ இது தலைவலி. தலைப்புப் பாட்டில் தாளம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். நான்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூன்றாகும், ஐந்தாகும். எண்ணிக்கொண்டே பாடினால் முகத்தில் கணக்குத் தெரியும். வசனமாக மனப்பாடம் பண்ணி, பேச்சின் ஓட்டத்திலேயே தாளம் விழும்படி பாடினால்தான் தப்பிக்கலாம். ஓர்பாக் தப்பித்தது அப்படித்தான், தட்டில் தெளிவாகக் கேட்கிறது.

சக் பாக்ஸ்டரும் சபையோடு நேராகப் பேசுகிறவன். காட்சி நடுவில் திரும்பி, இப்போது பார்த்தது நிஜத்தில் நடக்கவில்லை, நடந்திருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது என்ற ரீதியில் ஒப்புக்கொள்ளுவான். நாற்பது தடவை அல்ல, வாரத்துக்கு எட்டு காட்சி வீதம் வருஷக்கணக்கில் இதைச் செய்யும் நடிகனுக்கு ஒரு விஷயம் உடம்பில் ஊறிவிடும்: சிரிப்பு எழும்போது காத்திருக்கவேண்டும், அது உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்கவேண்டும். முந்தினால் வரி கேட்காது. பிந்தினால் சபை ஆறிப்போகும். ப்ராமிசஸ் ப்ராமிசஸ் மொத்தம் 1,281 காட்சிகள் ஓடியது. டோனி வந்தது இதற்குத்தான்.

1972-ல் சிக்ஸ் ரூம்ஸ் ரிவர் வியூ, பாட்டில்லாத நகைச்சுவை. காலி ஃபிளாட்டைப் பார்க்க வந்த, தனித்தனியே கல்யாணமான ஒரு ஆணும் பெண்ணும் கதவுப் பிடி கழன்றுவிட்டதால் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். ஜோடி ஜேன் அலெக்சாண்டர். அதே வருஷம்தான் பத்திரிகைகள் அவர் பெயரை வேறு காரணத்துக்காகவும் எழுதின. 1971-ல் ஒரு படத்தில் அவர் செய்த ரவுடி வேடம் நிஜ மாஃபியாக்காரன் ஜோ காலோவை வைத்து எழுதப்பட்டது. அதைப் பார்த்த காலோ அவரோடு நண்பனாகிவிட்டான். 1972 ஏப்ரலில் காலோ சுட்டுக் கொல்லப்பட்ட இரவு, சில மணி நேரம் முன்பு வரை ஓர்பாக் தம்பதியோடுதான் இருந்தான். ஓர்பாக்கைப் பற்றிய பாதிக் கட்டுரைகள் இதிலேயே நின்றுவிடுகின்றன. நடிப்புக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாம்.

சிகாகோவுக்கு வருவோம். இயக்குநர் பாப் ஃபாசி ஒத்திகை தொடங்கிய வேளையில் இதய அறுவை சிகிச்சைக்குப் போனதால் எல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப்போய், 1975 ஜூன் 3-ல் 46-ஆம் தெரு அரங்கில் திரை எழுந்தது. கொலைகாரிகளாக க்வென் வெர்டன், சீட்டா ரிவேரா. ஓர்பாக் வக்கீல் பில்லி ஃப்ளின். நாடகத்தின் மிகச் சிறந்த காட்சி செய்தியாளர் சந்திப்பு: ராக்ஸி (வெர்டன்) அவர் மடியில் பொம்மைபோல் உட்கார்ந்து வாயசைப்பாள், பதில் எல்லாம் வக்கீலின் குரலில் வரும். 1961-ல் தட்டிக்குப் பின்னாலிருந்து பொம்மைகளுக்குக் குரல் கொடுத்த அதே ஆள், இப்போது மறைப்பே இல்லாமல் ஒரு மனுஷியைப் பொம்மையாக்குகிறார். டோனி விழாவில் 11 பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. எ கோரஸ் லைன் வந்த வருஷம் அது, ஒன்பதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. 1996-ல் மறுமேடையேற்றம் வந்து இன்றும் ஓடிக்கொண்டிருப்பதால் சிகாகோ எப்போதுமே பெரிய வெற்றி என்று நினைக்கிறோம்; 1975-ல் அது 936 காட்சியோடு முடிந்த, கொஞ்சம் கசப்பான நாடகம்.

கடைசி பிராட்வே வேடம் 1980 ஆகஸ்ட் 25-ல் விண்டர் கார்டனில் அரங்கேறிய 42-ஆவது தெரு என்ற மியூசிக்கலில். கண்டிப்பான இயக்குநர் ஜூலியன் மார்ஷ் வேடம். இயக்கம் மறுபடியும் கவர் சாம்பியன், தயாரிப்பு மறுபடியும் மெரிக். அன்று பகலில் சாம்பியன் இறந்துபோனார். மெரிக் அதை நடிகர்களிடம் சொல்லவே இல்லை. நாடகம் முடிந்து கைதட்டல் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்போது மேடைக்கு வந்து சபைக்கு முன்னால் அறிவித்தார். நடனக் குழு நின்ற இடத்திலேயே உடைந்து அழுதது, கேமராக்கள் மின்னின. அப்போது திரையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது ஓர்பாக். மெரிக் செய்தது விளம்பரத் தந்திரமா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. திரையை இறக்கச் சொன்னது சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

42-ஆவது தெரு 3,486 காட்சிகள் ஓடியது, ஆனால் மூன்று கட்டடங்களில். விண்டர் கார்டனைவிட்டு 1981-ல் மஜஸ்டிக்குக்குப் போனது. 1982-ல் விண்டர் கார்டனுக்குள் கேட்ஸ் புகுந்தது. 1987-ல் 42-ஆவது தெரு மஜஸ்டிக்கையும் விட்டுக்கொடுத்தது. 1988 ஜனவரியில் அங்கே ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா. லண்டனிலிருந்து வந்த இந்த இரண்டின் பாணியில் ஆடையும் செட்டும்தான் நாயகர்கள். பேசிக்கொண்டே பாடி, பாடிக்கொண்டே கிண்டலடிக்கும் நாற்பது ஐம்பது வயது ஆண் வேடத்தை எழுத ஆளில்லை. வயதும் ஐம்பதைத் தொட்டது. ஓர்பாக் கேமரா பக்கம் போனார். 1981-ல் பிரின்ஸ் ஆஃப் தி சிட்டியில் போதைப்பொருள் பிரிவுத் துப்பறிவாளர். மர்டர் ஷி ரோட் தொடரில் ஹாரி மெக்ரா என்ற தனியார் துப்பறிவாளர், அதிலிருந்து பிரிந்து 1987-ல் ஒரு தனித்தொடர், ஒரே சீசனில் மூடல். டர்ட்டி டான்சிங்கில் அப்பா. அந்தப் படத்தில் ஆடவே விடவில்லை என்பது பிராட்வே ரசிகர்களின் நிரந்தரப் புகார். 1991-ல் டிஸ்னியின் பியூட்டி அண்ட் தி பீஸ்ட்டில் மெழுகுவர்த்தித் தண்டு லூமியேர். முகம் மறைந்து குரல் மட்டும். பொம்மலாட்டக்காரனின் பழைய வேலை.

லா அண்ட் ஆர்டரில் அவர் முதலில் வந்தது 1991-ல், எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரே எபிசோடில். அடுத்த வருஷம் துப்பறிவாளராக நடித்துவந்த பால் சோர்வினோ விலகினார். குளிரில் தெருவோரப் படப்பிடிப்பு தன் ஆப்பெராக் குரலைக் கெடுக்கும் என்பது அவர் கவலை. மூன்றாம் சீசனின் எட்டாவது எபிசோடில் பிரிஸ்கோ உள்ளே வந்தார். தொடர் முழுக்க நியூயார்க்கிலேயே எடுக்கப்பட்டதால் நாடக நடிகர்களுக்கு அது வாடகை கட்டும் வேலை. ஒரு நாள் சாட்சியாக நடித்துவிட்டு மாலைக் காட்சிக்கு அரங்கம் திரும்பிவிடலாம்.

இப்போது டைட்டிலுக்கு முந்தைய அந்த வரி. எழுதுகிறவர்கள் முக்கியமான சொல்லைக் கடைசியில் வைத்திருப்பார்கள். மேடைக்காரன் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, அந்தச் சொல்லை அழுத்திவிடுவான், நகைச்சுவை என்று போர்டு மாட்டினதுபோல் ஆகிவிடும். இரண்டு, சிரிப்புக்கு இடம் விட்டு நிற்பான். கேமரா முன்னால் சிரிக்க ஆள் இல்லை, கீழே பிணம் கிடக்கிறது. ஓர்பாக் சுருதியைக் கீழே இறக்கி, சொல்லை முழுதாக உச்சரித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். பாட்டு முடிந்ததும் இசைக்குழு நறுக்கென்று கொட்டும் கடைசி அடியை பிராட்வேயில் பட்டன் என்பார்கள். இங்கே டைட்டில் இசைதான் பட்டன். அந்த வரி கூட இருக்கும் காவலருக்குச் சொன்னது போலத்தான் இருக்கும், ஆனால் உண்மையில் நமக்குச் சொன்னது. எல் காயோ மேடை முன்னால் வந்து நிற்பதன் சுருங்கிய வடிவம்.

இதைவிட யாரும் கவனிக்காத திறமை ஒன்று உண்டு. சாட்சியை விசாரிக்கும் காட்சிகள் ஒன்றரை நிமிடம் தாண்டாது. சாட்சி பெட்டி அடுக்கிக்கொண்டே, காய் நறுக்கிக்கொண்டே பேசுவார். ஒரே ஒரு நாள் நடிக்க வந்தவருக்குப் பதற்றம் இருக்கும். ஓர்பாக் கேள்வியை வேகமாக, தட்டையாகக் கொடுத்துவிட்டு முழு இடத்தையும் எதிராளிக்கு விட்டுவிடுகிறார். கூட்டாளிக்கு ஏற்றபடி வேகமும் மாறும். கிரிஸ் நோத் செய்த லோகன் சூடானவன், அப்போது இவர் நிதானம். பெஞ்சமின் பிராட்டின் கர்ட்டிஸ் ஒழுக்கவாதி, அப்போது இவர் குறும்பு. ஜெஸ்ஸி எல். மார்ட்டின் வந்தபோது இருவருமே சொகுசாக நடக்கிறார்கள். மார்ட்டின் ரென்ட் மியூசிக்கலின் மூல பிராட்வே குழுவில் இருந்தவர். பிராட்வேயின் இரண்டு பாடகர்கள் ஐந்து வருஷம் ஒரே காரில் உட்கார்ந்து கொலைவழக்கு மட்டும் பேசியிருக்கிறார்கள்.

2004 மே மாதம் தொடரிலிருந்து விலகி, டிரையல் பை ஜூரி என்ற கிளைத்தொடருக்குப் போனார். புரோஸ்டேட் புற்றுநோய் முற்றியிருந்தது. இரண்டு எபிசோடோடு 2004 டிசம்பர் 28-ல் இறந்தார், வயது 69. அந்த எபிசோடுகள் 2005 மார்ச்சில்தான் ஒளிபரப்பாயின. கண்களைத் தானம் செய்திருந்தார். இருவருக்குப் பார்வை கிடைத்தது, கண் வங்கி அவர் படத்தைப் போட்டு விளம்பரம் செய்தது. அவர் குடியிருந்த 53-ஆம் தெருவும் எட்டாவது அவென்யூவும் சந்திக்கும் முனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ஒன்றில் ஏமாறுவார்கள். நாடகத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் மறுமேடையேற்றத் தட்டுதான் மேலே வரும். சிகாகோ என்றால் 1996, அதில் வக்கீல் ஜேம்ஸ் நாட்டன். ப்ராமிசஸ் என்றால் 2010, ஷான் ஹேஸ். ஃபென்டாஸ்டிக்ஸுக்கு 2006, 42-ஆவது தெருவுக்கு 2001. ஒரிஜினல் கேஸ்ட் (மூல நடிகர் குழு) என்ற சொல்லை நம்பாமல் வருஷத்தைப் பாருங்கள்: 1960, 1961, 1968, 1975, 1980. முதலில் 1960-ன் தொடக்கப் பாட்டு, அடுத்து 1975-ன் செய்தியாளர் சந்திப்பு, பிறகு 1968. கார்னிவல் கடைசியில் போதும், இசை கொஞ்சம் பழசாகிவிட்டது.

தொடரில் முதல் எபிசோடாக அவர் பிரிஸ்கோவாக அறிமுகமானதையே எடுக்கலாம், தலைப்பு பாயின்ட் ஆஃப் வியூ. அதன்பின் நேரே ஆறாம் சீசன் கடைசி, ஆஃப்டர்ஷாக். அதில் வழக்கு இல்லை. மரண தண்டனை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நான்கு பேரின் ஒரு நாள். குடியை விட்ட பிரிஸ்கோ அன்று மறுபடி குடிக்கிறார். கிண்டல் வரி ஒன்றுகூட உதவிக்கு வராத நாளில் அந்த முகம் என்ன செய்கிறது என்று அங்கே பார்க்கலாம். எட்டாம் சீசனின் டேமேஜ்ட், மகளைப் பற்றியது, அதற்கடுத்து.

நியூயார்க் போகிறவர்களுக்கு ஒன்று. லிங்கன் சென்டரில் இருக்கும் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவு மேடை நாடகங்களை வீடியோவாகப் பதிந்து வைக்கிறது. ஆய்வுக்காரணம் சொல்லி முன்கூட்டியே கேட்கவேண்டும், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும், நகல் தரமாட்டார்கள். அந்தச் சேகரிப்பு தொடங்கியதே 1970-ல். 1960-ன் எல் காயோவும் 1961-ன் பொம்மலாட்டக்காரனும் அதற்கு முன்பே மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள்.